வெயிட் கொடுத்தும் ஃபார்ம் ஏன் விரியவில்லை? டிகின்டரில் கிரிட் அடுக்கு

தம்பி, சுங்கை சிப்புட்டில் அம்மா நடத்தும் மளிகைக்கடைக்குக் கடன் கணக்கு புரோகிராம் ஒன்றை பைத்தானில், விண்டோ அமைக்க உதவும் டிகின்டர் கருவியைக் கொண்டு எழுதுவதாகச் சொல்லியிருந்தீர்கள். 555 என்ற சிறு கடன் நோட்டுப் புத்தகங்களில் கிடக்கும் பாக்கியை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்ற ஒரு ஃபார்ம்: மேலே பெயர், ஐசி நம்பர் (அடையாள அட்டை எண்), கைப்பேசி எண், எந்தத் தோட்டம், பாக்கி எத்தனை வெள்ளி (ரிங்கிட்), குறிப்பு, நடுவில் பட்டன்கள், கீழே கணக்குப் பட்டியல். உங்கள் சிக்கல்கள் மூன்று. பெட்டிகள் ஒரே கோட்டில் நிற்பதில்லை. விண்டோவைப் பெரிதாக்கினால் எல்லாம் இடது மேல் மூலையிலேயே ஒட்டிக்கொண்டு, மிச்ச இடம் வெறுமையாகக் கிடக்கிறது. கூடுதல் இடத்தைப் பங்கிடும் வெயிட் என்ற எண்ணைக் கொடுத்துப் பார்த்தும் ஒன்றும் அசையவில்லை. ‘பேசாமல் பிளேஸ் முறையில் பிக்சல் கணக்கு வைத்து ஒவ்வொன்றையும் நிறுத்திவிடட்டுமா?’ என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். வேண்டாம். உங்கள் லேப்டாப்பில் அளந்து வைத்த பிக்சல் கணக்கு, கடையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் நிற்காது. விண்டோஸில் எழுத்தளவை 125 விழுக்காடு ஆக்கினாலே லேபிள் நீண்டு பெட்டியின் மேல் ஏறிவிடக்கூடும். தமிழ் லேபிள் என்றால் சிக்கல் இன்னும் பெரிது. லதா எழுத்துருவில் ஓர் அகலம், நிர்மலா எழுத்துருவில் வேறு அகலம். நாளைக்கு அம்மா ‘பெயர்’ என்பதை ‘வாடிக்கையாளர் பெயர்’ என்று மாற்றச் சொன்னால், அதற்குப் பக்கத்தில் உள்ள எண்களை எல்லாம் உட்கார்ந்து திருத்த வேண்டும். வரிசை, நெடுவரிசை என்று கட்டம் போட்டு அடுக்கும் கிரிட் முறையில் அந்த வேலையே இல்லை. லேபிள் நீண்டால் அந்த நெடுவரிசை முழுவதும் தானாக அகன்று, பக்கத்துப் பெட்டிகள் எல்லாம் ஒரே அளவில் நகர்ந்துகொள்ளும்.

இனி கிரிட்டின் அடிப்படை. இதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் மூன்று சிக்கலும் அதிலிருந்தே அவிழும். கிரிட்டில் ஒரு கட்டத்தின் அளவை முடிவு செய்வது தாய் ஃபிரேம், அதாவது மற்றவற்றை உள்ளே வைத்திருக்கும் சட்டம். அந்தக் கட்டத்துக்குள் எங்கே நிற்பது, எவ்வளவு நிரப்புவது என்பதை முடிவு செய்வது உள்ளே இருக்கும் விட்ஜெட் (லேபிள், பெட்டி, பட்டன் போன்றது). வெயிட், மின்சைஸ் (குறைந்தபட்ச அளவு), யூனிஃபார்ம் (சம அளவுக் கூட்டம்) மூன்றும் தாயிடம் சொல்ல வேண்டியவை; கொலம்கான்ஃபிகர், ரோகான்ஃபிகர் என்ற இரண்டு அழைப்புகள் வழியாகத்தான் அவை போகும். ஸ்டிக்கி (எந்தப் பக்கம் ஒட்டுவது), பேட்எக்ஸ், பேட்ஒய் (சுற்றி விடும் இடைவெளி), கொலம்ஸ்பேன், ரோஸ்பேன் (எத்தனை நெடுவரிசை, வரிசையைப் பிடிப்பது) ஆகியவை பிள்ளையிடம், அதாவது விட்ஜெட்டின் கிரிட் அழைப்பில் சொல்ல வேண்டியவை. ஒருவரிடம் சொல்ல வேண்டியதை மற்றவரிடம் எதிர்பார்ப்பதுதான் இந்த மாதிரிச் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம்.

ஸ்டிக்கியைப் பாருங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் விட்ஜெட் தன் கட்டத்தின் நடுவில் நிற்கும். அதனால்தான் உங்கள் ‘பெயர்’ லேபிள் ஓர் இடத்திலும் ‘கைப்பேசி எண்’ லேபிள் இன்னோர் இடத்திலும் தொடங்குகின்றன; இரண்டும் ஒரே நெடுவரிசையில்தான் இருக்கின்றன, ஆனால் தனித்தனியாக நடுவில் நிற்கின்றன. லேபிள்களுக்கு மேற்கு (w, அதாவது இடது பக்கம்) என்று கொடுங்கள். பெட்டிகளுக்குக் கிழக்கு மேற்கு இரண்டையும் கொடுங்கள். எதிரெதிர் பக்கம் இரண்டையும் சொன்னால் அந்தத் திசையில் இழுத்து நிரப்பு என்று பொருள். முதல் சிக்கல் இத்தோடு தீர்ந்துவிடும்.

இரண்டாவதும் மூன்றாவதும் உண்மையில் ஒரே சிக்கல். விண்டோ பெரிதாகும்போது கிடைக்கும் கூடுதல் இடத்தை எந்த நெடுவரிசைக்குக் கொடுப்பது என்பதைத்தான் வெயிட் சொல்கிறது. சொல்லாவிட்டால் அதன் மதிப்பு சுழியம். எல்லாமே சுழியமாக இருந்தால் கூடுதல் இடம் யாருக்கும் போகாது. அடுக்கு முழுவதும் இடது மேல் மூலையில் அப்படியே நிற்கும். நீங்கள் பார்த்தது இதுதான். நீங்கள்தான் வெயிட் கொடுத்தீர்களே? கொடுத்தது உள்ளே இருக்கும் ஃபார்ம் ஃபிரேமுக்கு. அந்த ஃபிரேம் இன்னொரு பெரிய ஃபிரேமுக்குள் இருக்கிறது. அது ரூட் விண்டோவுக்குள், அதாவது புரோகிராமின் முதன்மை விண்டோவுக்குள் இருக்கிறது. ரூட்டின் நெடுவரிசைக்கு வெயிட் இல்லை. பெரிய ஃபிரேமுக்கு ஸ்டிக்கியும் இல்லை. வெளியே கிடைத்த கூடுதல் இடம் உள்ளே வந்து சேரவே இல்லை என்னும்போது, உள்ளே அதைப் பங்கு போட என்ன இருக்கிறது?

ஆகவே எப்போதும் வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். ரூட்டில் சுழியம் வரிசைக்கும் சுழியம் நெடுவரிசைக்கும் வெயிட் ஒன்று. அதில் உட்காரும் பெரிய ஃபிரேமுக்கு நாலு திசையும் ஸ்டிக்கி. பெரிய ஃபிரேமுக்குள் எந்த நெடுவரிசை விரிய வேண்டுமோ அதற்கு வெயிட். அதில் உட்காரும் ஃபார்ம் ஃபிரேமுக்கு மறுபடி ஸ்டிக்கி. கடைசியில் பெட்டி வரைக்கும் இப்படியே. ஒவ்வொரு படியிலும் தாய்க்கு வெயிட், பிள்ளைக்கு ஸ்டிக்கி, இரண்டும் வேண்டும். வெயிட் மட்டும் கொடுத்தால் கட்டம் விரியும், பெட்டி பழைய அளவிலேயே நடுவில் நிற்கும். ஸ்டிக்கி மட்டும் கொடுத்தால் பெட்டி கட்டத்தை நிரப்பும், ஆனால் கட்டம் விரியாது.

எந்தப் படியில் அறுந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ரிலீஃப் சாலிட் என்றும் பார்டர்வித் ஒன்று என்றும் கொடுத்து ஓடவிட்டு, விண்டோவை இழுத்துப் பாருங்கள். விரியாமல் நிற்கும் கோடு எந்த ஃபிரேமுடையதோ, கோளாறு அதிலோ அதன் தாயிலோதான் இருக்கும். பின்னணி நிறம் கொடுத்தும் பார்க்கலாம். ஆனால் டிடிகே (டிகின்டரின் புதுத் தோற்ற விட்ஜெட் தொகுதி) ஃபிரேம் பின்னணி நிறத்தை நேரடியாக ஏற்காது, ஸ்டைல் வழியாகப் போக வேண்டும். சோதனைக்குக் கோடே சுலபம்.

வெயிட்டைப் பற்றி இன்னொன்று. பலரும் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். இரண்டு நெடுவரிசைகளுக்கும் வெயிட் ஒன்று என்று கொடுத்தால் இரண்டும் ஒரே அகலம் ஆகிவிடாது. பங்கு போடப்படுவது கூடுதல் இடம் மட்டும்தான். முதல் நெடுவரிசையின் இயல்பான அகலம் 100 பிக்சல், இரண்டாவதன் அகலம் 300 என்று வையுங்கள். விண்டோ 200 பிக்சல் அகன்றால் ஆளுக்கு 100 போகும். இப்போது 200, 400. சமம் இல்லை. சமமாகவே வேண்டுமென்றால் இரண்டுக்கும் யூனிஃபார்ம் என்ற விருப்பத்தில் ஒரே பெயரைக் கொடுக்க வேண்டும். அப்போது அந்தக் கூட்டத்தில் உள்ள நெடுவரிசைகள் வெயிட் விகிதத்திலேயே கண்டிப்பாக அகலம் எடுக்கும்: 300, 300. ‘சேமி’, ‘அழி’, ‘புதிது’ என்று பட்டன்களை ஒரே அளவில் நிறுத்த இதைவிட நல்ல வழி இல்லை.

பட்டன் என்றதும் உங்கள் அடுக்கில் நான் கட்டாயம் மாற்றச் சொல்லும் இடம் நினைவுக்கு வருகிறது. லேபிள்கள் இருக்கும் அதே சுழியம் நெடுவரிசையில் ‘இந்த மாதப் பாக்கி எல்லாம் காட்டு’ என்ற நீளமான பட்டனையும் வைத்திருக்கிறீர்கள். ஒரு நெடுவரிசைக்குத் தாய் எவ்வளவு அகலம் ஒதுக்க வேண்டும் என்பதை அதிலுள்ள ஆக நீளமான விட்ஜெட்தான் தீர்மானிக்கும். அந்த ஒரு பட்டனால் மேலே உள்ள லேபிள் நெடுவரிசை முழுவதும் பருத்து, ‘பெயர்’ என்ற சொல்லுக்கும் அதன் பெட்டிக்கும் நடுவில் ஒரு கை அகல இடைவெளி விழுந்திருக்கிறது. தோட்டத்துக் கிராணி (கணக்கர்) செக்ரோல் (வருகைப் பதிவு) தாளில் முதலில் கோடு போட்டுவிட்டுத்தான் பெயர்களை எழுதுவார். பெயர் பத்தியில் பெயர், நாள் பத்தியில் நாள். கிரிட்டும் அப்படித்தான்: ஒரு நெடுவரிசையில் ஒரே இனமான சாமான் இருக்க வேண்டும். இனம் மாறினால் வேறு தாள், அதாவது வேறு ஃபிரேம். பட்டன்களுக்கு என்று தனி ஃபிரேம் செய்து, அதைக் கொலம்ஸ்பேன் கொடுத்து ஃபார்மின் முழு அகலத்துக்கும் வையுங்கள். அந்த ஃபிரேமுக்குள் அதன் சொந்த நெடுவரிசைகள், அதன் சொந்தக் கணக்கு. மேலே இருப்பவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

ஐசி நம்பருக்கும் இதே வைத்தியம். 12 இலக்கமும் ஆறு, இரண்டு, நான்கு என்று பிரிந்து வரும்: பிறந்த தேதி, பிறந்த மாநிலம், கடைசி நான்கு. பேராவில் பிறந்தவர் என்றால் நடுவில் 08 வரும். இதை ஒரே நீளப் பெட்டியாக வைக்காமல் மூன்று பெட்டிகளாக வைத்தால் அம்மாவுக்குத் தட்டவும் சரிபார்க்கவும் லேசாக இருக்கும். ஆனால் மூன்று பெட்டியையும் இரண்டு கோட்டுக்குறியையும் ஃபார்மின் பெரிய கிரிட்டிலேயே வைத்தால் ஐந்து நெடுவரிசை தேவைப்படும். மற்ற எல்லா வரிசைக்கும் கொலம்ஸ்பேன் ஐந்து என்று எழுதிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு சின்ன ஃபிரேம் செய்து, அதற்குள் அகலம் ஆறு, இரண்டு, நான்கு எழுத்து என்று மூன்று பெட்டிகளை வைத்து, அந்த ஃபிரேமைப் பெரிய கிரிட்டின் ஒரே கட்டத்தில் மேற்கு ஸ்டிக்கியோடு உட்கார வையுங்கள். ஐசி பெட்டி விரியத் தேவையில்லை. இலக்கம் கூடப் போவதில்லை. கூடவே ஒன்று: கடன் கணக்குக்கு ஐசி நம்பர் உண்மையிலேயே வேண்டுமா என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெயரும் தோட்டமும் கைப்பேசி எண்ணும் போதுமென்றால் அந்த வரிசையையே எடுத்துவிடலாம். பிறருடைய ஐசியைச் சேர்த்து வைத்திருப்பது லேசான பொறுப்பு இல்லை.

சில வாடிக்கையாளர்களுக்கு மட்டும் ஒரு வரிசை வேண்டும் என்றால் அதை மறைக்கவும் காட்டவும் வழி இருக்கிறது. கிரிட்ரிமூவ் என்று அழைத்தால் விட்ஜெட் மறையும், ஆனால் அதன் வரிசை எண், ஸ்டிக்கி எல்லாம் நினைவில் இருக்கும்; மறுபடி வெறுமனே கிரிட் என்று அழைத்தால் பழைய இடத்துக்கே வரும். கிரிட்ஃபர்கெட் என்றால் எல்லாம் மறந்துபோகும். ஆளில்லாத வரிசையின் உயரம் சுழியம் என்பதால் மறைத்த இடத்தில் ஓட்டை தெரியாது. இதே காரணத்தால் வரிசை எண்களை 10, 20, 30 என்று தாண்டித் தாண்டிக் கொடுக்கலாம். பிறகு நடுவில் ஒரு வரிசை சேர்க்க வேண்டி வந்தால் மற்ற எண்களைத் தொட வேண்டாம்.

விண்டோ திறந்தவுடனே திரையைத் தாண்டிப் போவதாகச் சொன்னீர்கள் அல்லவா? அதற்கு கிரிட் பொறுப்பில்லை; விட்ஜெட்டுகள் தாங்களாகக் கேட்கும் அளவுதான் காரணம். பட்டியல் காட்டும் ட்ரீவியூ விட்ஜெட்டில் ஒவ்வொரு நெடுவரிசையும் ஒன்றும் சொல்லாவிட்டால் 200 பிக்சல் கேட்கும். உங்கள் பட்டியலில் ஆறு; அதோடு ஷோ விருப்பத்தில் ஹெடிங்ஸ் என்று கொடுக்காததால், முதலில் வரும் வெறும் மர நெடுவரிசையும் சேர்ந்து ஏழு. மொத்தம் 1400 பிக்சல். கடைத் திரையின் அகலமே 1366. குறிப்புக்கு வைத்த டெக்ஸ்ட் பெட்டியும் அப்படித்தான்: சொல்லாவிட்டால் 80 எழுத்து அகலம், 24 வரி உயரம். ஒரு குறிப்புக்கு அவ்வளவு எதற்கு? உயரம் மூன்று என்று கொடுங்கள். பட்டியலில் பெயருக்கும் தோட்டத்துக்கும் மட்டும் தாராளமான அகலம், பாக்கிக்கு 90 பிக்சல், தேதிக்கு 100 என்று நீங்களே கொடுங்கள். தோட்டப் பெயர்களில் எல்பில், கமுனிங், டோவன்பி என்று குட்டையாகவே நிறைய இருந்தாலும், டிவிஷன் எண்ணும் சேர்ந்தால் நீளும். ஆக நீளமான பெயரை வைத்து அளவு பாருங்கள்.

ஸ்க்ரோல்பாருக்குத் தனி நெடுவரிசை, வெயிட் சுழியம், ஸ்டிக்கி வடக்கு தெற்கு. பட்டியல் இருக்கும் வரிசைக்கு மட்டும் வெயிட் ஒன்று. ஃபார்ம் வரிசைக்கும் பட்டன் வரிசைக்கும் வேண்டாம். அப்போது விண்டோவை உயரமாக்கினால் பட்டியல் மட்டும் நீளும், பாக்கி வைத்தவர்கள் நிறையப் பேர் ஒரே பார்வையில் தெரிவார்கள். கடைக்குத் தேவை அதுதான்.

சுருக்கும்போதும் வெயிட்தான் பேசும். விண்டோ தேவையான அளவுக்குக் கீழே போனால், வெயிட் உள்ள நெடுவரிசைகள் விகிதப்படி இடம் விட்டுக்கொடுக்கும். வெயிட் சுழியமானவை விட்டுக்கொடுக்காது, ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போகும். அந்த நிலையே வராமல், ஃபார்ம் முழுவதையும் கட்டி முடித்தபின் அப்டேட்ஐடில்டாஸ்க்ஸ் என்று ஒரு முறை அழைத்து, ரூட் கேட்கும் அகல உயரத்தை வின்ஃபோ அழைப்புகளால் வாங்கி, அதையே ரூட்டின் மின்சைஸாக வையுங்கள்.

உங்கள் புரோகிராம் வரிகளில் திருத்த வேண்டிய இடம் இன்னும் இரண்டு. தலைப்பு லேபிளை ரூட்டில் பேக் (ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் இன்னொரு முறை) செய்திருக்கிறீர்கள், அதே ரூட்டில் பெரிய ஃபிரேமை கிரிட் செய்திருக்கிறீர்கள். ஒரே தாய்க்குள் இரண்டும் கூடாது. டிகின்டருக்கு அடியில் ஓடும் டிகே கருவியின் பழைய பதிப்பில் இரண்டு முறைகளும் மாறி மாறி அளவைத் திருத்திக்கொண்டே இருந்து புரோகிராம் உறைந்துவிடும். இப்போதுள்ள டிகே உடனே பிழை காட்டி நிறுத்திவிடுகிறது. தடை ஒரே தாய்க்குள் மட்டும்தான். பட்டன் ஃபிரேமுக்குள் பேக், ஃபார்ம் ஃபிரேமுக்குள் கிரிட் என்று வைப்பதில் தவறில்லை. அடுத்தது, பெட்டியை உருவாக்கும் அதே வரியின் கடைசியில் கிரிட்டையும் தொடுத்து, அதை ஒரு பெயருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். கிரிட் அழைப்பு எதையும் திருப்பித் தராது; அந்தப் பெயரில் பெட்டி இருக்காது, பைத்தானின் வெற்று மதிப்புதான் இருக்கும். சேமி பட்டனை அழுத்தும்போது வரும் பிழைக்கு இதுதான் காரணம். ஒரு வரியில் உருவாக்குங்கள், அடுத்த வரியில் கிரிட் செய்யுங்கள்.

மேலும் படிக்க வேண்டுமென்றால் பைத்தான் ஆவணத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். டிகின்டர் என்பது டிகே என்ற பழைய கருவிக்கு பைத்தான் போட்ட வாசல். டிகேயை ஜான் அவுஸ்டர்ஹவுட் பெர்க்லியில் டிசிஎல் மொழிக்காக எழுதினார். முதலில் இருந்தது பேக், கிரிட் பிறகு டிகே 4.1 பதிப்பில் வந்து சேர்ந்தது. ஸ்டிக்கி, வெயிட், யூனிஃபார்ம் எல்லாம் அங்கே வைத்த பெயர்கள்தான். ஆகவே டிகேயின் கிரிட் கையேட்டுப் பக்கத்தில் உள்ள விளக்கம் உங்கள் பைத்தான் கோடுக்கு அப்படியே பொருந்தும், அதுவே முழுமையானதும்கூட. நாளைக்கு கியூடி என்ற வேறொரு விண்டோ கருவிக்குப் போனால் வெயிட்டுக்குப் பதில் ஸ்ட்ரெட்ச் என்பார்கள். வெப் பக்கத்துக்கு சிஎஸ்எஸ் கிரிட் எழுதினால் எஃப்ஆர் என்ற அளவு வரும். 2017 முதல் பெரிய பிரவுசர்கள் எல்லாம் அதை ஏற்கின்றன. ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வையுங்கள்: இரண்டு நெடுவரிசைக்கு ஒரு எஃப்ஆர் கொடுத்தால், உள்ளே இருப்பது மிக அகலமாக இல்லாத வரை அவை சம அகலமாகவே வரும். டிகேயில் அதே பலனுக்கு யூனிஃபார்ம் வேண்டும்.

நீங்கள் கேட்காவிட்டாலும், அம்மாவுக்காகச் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. நாள் முழுவதும் இதில் தட்டப்போகிறவர் அவர். டேப் விசையை அழுத்தினால் அடுத்து எந்தப் பெட்டிக்குப் போகும் என்பதை கிரிட் எண்கள் தீர்மானிப்பதில்லை. விட்ஜெட்டுகளை உருவாக்கிய வரிசைதான் தீர்மானிக்கிறது. கோடில் குறிப்புப் பெட்டியை முதலிலும் பெயர்ப் பெட்டியைப் பிறகும் உருவாக்கியிருந்தால், திரையில் எவ்வளவு அழகாக அடுக்கியிருந்தாலும் கர்சர் மேலும் கீழும் தாவும். உருவாக்கும் வரிசையை மாற்றுங்கள். முடியாவிட்டால் வேண்டிய வரிசையில் ஒவ்வொரு விட்ஜெட்டுக்கும் லிஃப்ட் என்று அழைத்தாலும் சரியாகிவிடும். டெக்ஸ்ட் பெட்டிக்குள் டேப் அழுத்தினால் அடுத்த பெட்டிக்குப் போகாமல் உள்ளேயே இடைவெளி விழும். அதற்கு டேப் விசையை நீங்களே பைண்ட் செய்து (விசைக்கு ஒரு வேலையை இணைத்து) அடுத்த விட்ஜெட்டுக்கு ஃபோகஸ் கொடுத்து, பிரேக் என்ற சொல்லைத் திருப்பி அனுப்ப வேண்டும். பாக்கித் தொகைப் பெட்டியில் என்டர் அழுத்தினாலே சேமிக்கும்படியும், சேமித்ததும் கர்சர் பெயர்ப் பெட்டிக்குத் திரும்பும்படியும் பைண்ட் செய்துவிடுங்கள். சம்பள நாள் மாலையில் கடை நிறைய ஆள் நிற்கும்போது மவுஸைத் தேட அவருக்கு நேரம் இருக்காது.